இணைப்பை அறுத்தது யார்? லோடு பேலன்சருக்குப் பின்னால் நடப்பது என்ன

ஆடி அமாவாசை நெருங்கும்போது ராமேஸ்வரத்தில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. லாட்ஜ்காரர்கள் சிலர் சொந்தமாகவே முன்பதிவுத் தளம் வைத்திருக்கிறார்கள். கூட்டம் தாங்காது என்று ஒரு சர்வரை இரண்டாக்கி, வரும் கோரிக்கைகளை இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்க அதற்கு முன்னால் ஒரு லோடு பேலன்சரையும் நிறுத்துகிறார்கள். விநோதமான புகார்கள் அதற்குப் பிறகுதான் வர ஆரம்பிக்கும். "பணம் எடுத்துருச்சு, ரசீது வரல." "சுத்திக்கிட்டே இருந்துச்சு, அப்புறம் பக்கம் வெள்ளையா ஆயிருச்சு." "மறுபடி அமுக்குனா வேலை செய்யுது சார்." உள்ளே போய்ப் பார்த்தால் இரண்டு சர்வரும் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கின்றன, லாகில், அதாவது நடப்பதை சர்வர் எழுதி வைக்கும் பதிவேட்டில், பிழை என்று ஒரு வரிகூட இல்லை.

இதற்கு இந்த ஊர்ப் பகுதியில் தயாராக ஒரு பதில் உண்டு: "பாம்பன் தாண்டுனா நெட்டு அப்படித்தான்." பாதி உண்மை. அந்தப் பாதிக்குப் பிறகு வருகிறேன். மீதிப் பாதி சர்வர் அறைக்குள்ளேயே இருக்கிறது, கேபிளால் இணைத்த இரண்டு கணினிகளுக்கு நடுவே. அதை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

விளக்கத்துக்காக ஒரு அமைப்பைக் கற்பனை செய்துகொள்வோம். முன்னால் ஒரு லோடு பேலன்சர், பின்னால் இரண்டு சர்வர். அவற்றில் ஒரு லாட்ஜ் முன்பதிவுத் தளமும், மீன் ஏல விலையை நேரலையில் காட்டும் ஒரு பக்கமும் ஓடுகின்றன. இரண்டும் வேறு வேறு மாதிரி அறுபடும் என்பதால் இரண்டும் நமக்கு வேண்டும்.

## கயிறு ஒன்றல்ல, இரண்டு

ஆழம் குறைந்த கரையில் விசைப்படகு ஒட்டி நிற்க முடியாது. தள்ளி நங்கூரம் போட்டுவிட்டு, மீனை வத்தை என்ற சின்னப் படகில் மாற்றிக் கரைக்கு அனுப்புவார்கள். கரையில் கூடையை வாங்குபவருக்குப் பெரிய படகோடு நேரடித் தொடர்பே கிடையாது. அவர் பார்ப்பது வத்தையை மட்டும்தான்.

லோடு பேலன்சர் என்பது அந்த வத்தைதான். வாடிக்கையாளரின் போன் சர்வரோடு இணைந்திருப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் போனுக்கும் லோடு பேலன்சருக்கும் நடுவே ஒரு டிசிபி (இரண்டு கணினிகள் தகவலை விடாமல் வரிசையாகப் பரிமாறிக்கொள்ளும் முறை) இணைப்பு, லோடு பேலன்சருக்கும் சர்வருக்கும் நடுவே வேறொரு டிசிபி இணைப்பு. முதலாவது அறுந்தாலும் இரண்டாவது உயிரோடு இருக்கலாம். இரண்டாவது அறுந்தால் முதலாவதில் இருப்பவருக்குப் பிழைப் பக்கம் வரும். "இணைப்பு அறுந்துவிட்டது" என்று யாராவது சொன்னால் முதலில் கேட்க வேண்டியது "எந்த இணைப்பு?" என்றுதான்.

டிசிபி 1981-இல் வரையறுக்கப்பட்ட நெறிமுறை. 2022-இல் அதன் ஆவணத்தைத் திருத்தி ஒன்றுசேர்த்து மறுபடி வெளியிட்டார்கள், அடிப்படை மாறவில்லை. ஒரு டிசிபி இணைப்பு மூன்று விதமாக முடியலாம்.

1. முறையாக விடைபெறுவது. ஒரு பக்கம் "என்னிடம் அனுப்ப இனி ஒன்றுமில்லை" என்று ஃபின் என்ற குறியோடு ஒரு பாக்கெட் (சின்னத் தகவல் பொட்டலம்) அனுப்பும். மறுபக்கமும் அதேபோல் சொல்லி முடித்துக்கொள்ளும்.

2. வெட்டிவிடுவது. "உன்னை எனக்குத் தெரியாது" என்று ரீசெட் பாக்கெட் வரும். மறுபக்கம் அந்தக் கணமே கையை எடுத்துவிட வேண்டியதுதான்.

3. சத்தமில்லாமல் காணாமல்போவது. இதில் ஃபின்னும் வராது, ரீசெட்டும் வராது. போனின் பேட்டரி தீர்ந்துபோயிருக்கலாம், நடுவில் ஒரு ரவுட்டர் இணைப்பையே மறந்திருக்கலாம். மறுபக்கம் இன்னும் எல்லாம் நன்றாக இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும்.

மூன்றாவதுதான் தலைவலி. லினக்ஸ் சர்வரில் கீப்-அலைவ் சோதனையை (மறுபக்கம் உயிரோடு இருக்கிறதா என்று கேட்பது) நிரல் கேட்டு வாங்கியிருந்தாலும், இயல்பு அமைப்பில் முதல் சோதனை 7200 விநாடி கழித்துத்தான் போகும். பதில் வராவிட்டால் 75 விநாடி இடைவெளியில் 9 தடவை கேட்டுப் பார்த்துவிட்டுக் கைவிடும். மொத்தம் 2 மணி நேரம் 11 நிமிடம். அதுவரை செத்துப்போன ஒரு இணைப்புக்காக சர்வர் இடம் பிடித்து வைத்திருக்கும்.

ஒரு சிறு திருத்தம். எல்லா லோடு பேலன்சரும் இரண்டு கயிறு கட்டுவதில்லை. எச்டிடிபி (உலாவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறை) கோரிக்கையைப் படித்துப் பார்த்து அனுப்புபவை ஏழாம் அடுக்கு வகை; மேலே சொன்னது அவற்றுக்கு முழுக்கப் பொருந்தும். பாக்கெட்டை மட்டும் பார்த்துத் திருப்பிவிடும் நான்காம் அடுக்கு வகையில் பலவற்றில் கயிறு ஒன்றுதான், நடுவில் ஒரு ஆள் பிடித்துக்கொண்டிருப்பார். அவர் கை தளர்ந்தால் இரண்டு பக்கத்துக்கும் தெரியாது.

## ஆளுக்கொரு கடிகாரம்

சும்மா கிடக்கும் இணைப்பை எவ்வளவு நேரம் வைத்திருப்பது என்று ஒவ்வொரு மென்பொருளும் தன் பாட்டுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அதன் பெயர் டைம்அவுட். யாரும் மாற்றாமல் விட்டால் பரவலாகக் காணப்படும் அளவுகள் இவை:

- அப்பாச்சி வெப் சர்வர், கீப்-அலைவ் இணைப்புக்கு (பதில் தந்த பிறகும் மூடாமல் வைத்திருப்பது; மேலே சொன்ன சோதனை வேறு): 5 விநாடி
- நோட் ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்ட் நிரலை சர்வரில் ஓட்டும் மென்பொருள்), நெடுங்காலமாக: 5 விநாடி
- அமேசானின் ஏழாம் அடுக்கு லோடு பேலன்சர்: 60 விநாடி
- என்ஜின்எக்ஸ் (வெப் சர்வராகவும் லோடு பேலன்சராகவும் ஓடும் மென்பொருள்), பின்னால் உள்ள சர்வரின் பதிலுக்குக் காத்திருப்பது: 60 விநாடி
- என்ஜின்எக்ஸ், முன்னால் உள்ளவரின் சும்மா கிடக்கும் இணைப்புக்கு: 75 விநாடி
- அமேசானின் நான்காம் அடுக்கு லோடு பேலன்சர்: 350 விநாடி

இந்த எண்களை எங்காவது எழுதி ஒட்டி வைத்துக்கொள்வது நல்லது. "சரியாக ஒரு நிமிடத்தில் அறுந்தது" என்று வாடிக்கையாளர் சொன்னால் அது நெட்வொர்க் கோளாறாக இருக்க வாய்ப்பு குறைவு. அலையும் காற்றும் கடிகாரம் பார்த்து வருவதில்லை. முழு எண்ணில் அறுபடுகிறது என்றால், எங்கோ யாரோ ஒரு வரியில் எழுதி வைத்த எண் அது.

இந்தக் கடிகாரங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போனால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். சர்வரில் 5 விநாடி, லோடு பேலன்சரில் 60 விநாடி என்று இருக்கிறது.

1. காலை 10 மணி 14 நிமிடம் 0 விநாடி. ஒரு பக்தர் அறைப் பட்டியலைப் பார்த்து முடிக்கிறார். சர்வர் பதில் அனுப்பிவிட்டது. லோடு பேலன்சர் அந்த இணைப்பை மூடாமல் அடுத்த ஆளுக்குப் பயன்படும் என்று கையிருப்பில் வைத்துக்கொள்கிறது. அதன் கணக்கில் இன்னும் 60 விநாடி இருக்கிறது.

2. 10:14:05. சர்வரின் 5 விநாடி முடிந்தது. அது ஃபின் அனுப்பி இணைப்பை மூடுகிறது.

3. அந்த ஃபின் கேபிளில் வந்துகொண்டிருக்கிறது, இன்னும் சேரவில்லை. அந்த ஒரு மில்லி விநாடிக்குள் வேறொருவர் "பணம் செலுத்து" பொத்தானை அமுக்குகிறார். லோடு பேலன்சர் கையிருப்பில் இருந்த அதே இணைப்பை எடுத்துக் கோரிக்கையை அனுப்பிவிடுகிறது.

4. சர்வர் அந்த இணைப்பை மூடியாயிற்று. வந்த கோரிக்கைக்கு ரீசெட் அனுப்புகிறது.

5. லோடு பேலன்சர் வாடிக்கையாளரிடம் 502 என்ற பிழையை நீட்டுகிறது.

கோரிக்கை நம் நிரலைத் தொடவே இல்லை. அதனால் சர்வரின் லாகில் ஒரு வரியும் இருக்காது. டெவலப்பர் "என் பக்கம் ஒண்ணும் வரலையே" என்பார். அவர் சொல்வது உண்மைதான். நெட்வொர்க் பார்ப்பவர் "லிங்க் அப்ல தான் இருக்கு" என்பார், அதுவும் உண்மை.

இன்னொரு வேடிக்கை. இந்தப் பிழை கூட்ட நாளில் குறைவாகவும் கூட்டம் இல்லாத நாளில் அதிகமாகவும் தெரியும். நெரிசலில் எந்த இணைப்பும் 5 விநாடி சும்மா கிடக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளில் ஏலப் பக்கத்துக்கு அவ்வப்போதுதான் ஆள் வருவார். கோரிக்கைகளுக்கு நடுவே ஐந்தாறு விநாடி இடைவெளி விழுவது அப்போதுதான் சாதாரணம். "சீசன்ல ஓடுச்சு, இப்பதான் மக்கர் பண்ணுது" என்ற புகாரைக் கேட்டு சர்வரைப் பெரிதாக்கினால் பணம்தான் விரயம்.

தீர்வு ஒரு வரி. சும்மா கிடக்கும் இணைப்பைப் பின்னால் இருப்பவர் முதலில் மூடக் கூடாது, முன்னால் இருப்பவர்தான் மூட வேண்டும். லோடு பேலன்சரில் 60 என்றால் சர்வரின் கீப்-அலைவ் 65 அல்லது 75 இருக்கட்டும். என்ஜின்எக்ஸ் பின்னால் இருக்கும் இடங்களில் இந்தத் தொல்லை அவ்வளவாக வராததற்குக் காரணம், அதன் 75 தற்செயலாகவே 60-ஐ விடப் பெரியது.

## பிழை எண்களை வாசிப்பது

எண்களை மனப்பாடம் செய்தால் போதாது. அதை எழுதியது எந்த இடம் என்று பார்க்க வேண்டும்.

502 என்றால் பின்னால் இருந்து வந்த பதில் சரியில்லை அல்லது நடுவில் வெட்டுப்பட்டது. 504 என்றால் பின்னால் இருப்பவர் பதிலே சொல்லவில்லை, நேரம் முடிந்தது. 503 பெரும்பாலும் அனுப்புவதற்கு உயிருள்ள சர்வர் ஒன்றுகூட இல்லை என்பதைக் குறிக்கும். இவை மூன்றும் எளிது.

ஏமாற்றுவது 499. இது எச்டிடிபி தரத்தில் உள்ள எண் அல்ல, என்ஜின்எக்ஸ் தன் லாகில் தானே வைத்துக்கொண்ட எண். "பதில் சொல்வதற்குள் வாடிக்கையாளர் மூடிவிட்டுப் போய்விட்டார்" என்று பொருள். இதைப் பார்த்ததும் பலர் "ஆள் பொறுமையில்லாம போயிட்டார், நம்ம தப்பு இல்ல" என்று நிம்மதி அடைகிறார்கள். ஆனால் லோடு பேலன்சருக்குப் பின்னால் நிற்கும் என்ஜின்எக்ஸுக்கு வாடிக்கையாளர் யார்? லோடு பேலன்சர்தான். 499 வரிகளின் காலஅளவை வரிசையாகப் பாருங்கள். 3, 11, 27, 8 என்று சிதறிக் கிடந்தால் மனிதர்கள் போயிருக்கிறார்கள். 60.0, 60.0, 60.0 என்று வரிசை கட்டினால் லோடு பேலன்சர் பொறுமை இழந்திருக்கிறது. அங்கே உள்ள பக்தருக்கு 504 போயிருக்கும். குற்றவாளி மெதுவாக ஓடும் நம் நிரல், அனேகமாக அறை இருப்பைத் தேடும் அந்த டேட்டாபேஸ் கேள்வி.

## கடற்கரைப் பாதி

இப்போது "பாம்பன் தாண்டுனா" பக்கம் வருவோம்.

ரயில் பாம்பன் பாலத்தில் போகும்போது டவர் மாறுகிறது, அதனால் இணைப்பு அறுகிறது என்று ஒரு நம்பிக்கை. ஒரே நிறுவனத்தின் டவர்களுக்குள் மாறினால் போனின் ஐபி முகவரி பொதுவாக மாறுவதில்லை, டிசிபி தாக்குப்பிடிக்கும். அறுவது வேறு இடங்களில். லாட்ஜின் வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினால் முகவரி மாறும். சிக்னல் அறவே போய்த் திரும்பி வந்தாலும் மாறலாம்.

தனுஷ்கோடிப் பக்கம் போனவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். அரிச்சல்முனையில் நின்றால் போன் இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொண்டு வரவேற்புச் செய்தி அனுப்பும். கடலுக்குள் போகும் படகுகளிலும் இது உண்டு. ரோமிங் வசதி இல்லாதவருக்கு அந்த நிமிடத்தில் டேட்டாவே நிற்கும். வசதி இருப்பவருக்கும் புதிதாக நெட்வொர்க்கில் சேரும்போது பழைய இணைப்புகள் செத்துவிடும். டிசிபி இணைப்பு என்பது நான்கு எண்களின் கட்டு: இந்தப் பக்க முகவரி, இந்தப் பக்க போர்ட் (கணினிக்குள் நுழையும் வாசல் எண்), அந்தப் பக்க முகவரி, அந்தப் பக்க போர்ட். ஒன்று மாறினாலும் அது வேறு இணைப்பு. மேலே சொன்ன மூன்றாவது வகை மரணம் இது: சர்வருக்குத் தகவலே வராது.

அதோடு மொபைல் நிறுவனங்கள் ஏராளமான போன்களை ஒரு பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. இதற்கென்றே 100.64-இல் தொடங்கும் ஒரு முகவரித் தொகுதி 2012-இல் ஒதுக்கப்பட்டது. இதனால் இரண்டு தொல்லை.

ஒன்று, நடுவில் உள்ள அந்தக் கருவிக்கும் ஒரு கடிகாரம் உண்டு. தரப் பரிந்துரைப்படி நிலைபெற்ற டிசிபி இணைப்பை 2 மணி 4 நிமிடமாவது நினைவில் வைக்க வேண்டும். நடைமுறையில் பல இடங்களில் அதைவிட வெகு சீக்கிரம் மறந்துவிடுகிறார்கள்.

இரண்டு, ஐபி முகவரியை வைத்து "இந்த ஆளை எப்போதும் இந்த சர்வருக்கே அனுப்பு" என்று லோடு பேலன்சரில் எழுதியிருந்தால் கதை கந்தல். ஒரே முகவரியில் நூற்றுக்கணக்கான போன்கள் வந்தால் ஒரு சர்வர் திணறும், இன்னொன்று ஈ ஓட்டும். ஒரே ஆளின் முகவரி நடுவில் மாறினால் அவர் அடுத்த சர்வரில் போய் விழுவார். லாகின் விவரம் முதல் சர்வரின் நினைவகத்தில் மட்டும் இருந்தால் "மறுபடி உள்நுழையவும்" என்று வரும். அவர் அதை "கனெக்‌ஷன் கட்டாயிருச்சு" என்றுதான் சொல்வார். இங்கே கட்டானது இணைப்பு அல்ல, செஷன், அதாவது அவர் உள்நுழைந்திருக்கிறார் என்ற நினைவு. மருந்து வேறு: குக்கீ (உலாவியில் தளம் விட்டு வைக்கும் சின்னக் குறிப்பு) மூலம் ஆளை அடையாளம் காண்பது, அல்லது அதைவிட நல்லதாக, செஷன் விவரத்தை இரண்டு சர்வருக்கும் பொதுவான ஓரிடத்தில் வைப்பது.

ஏல விலைப் பக்கத்துக்கு வருவோம். இது வெப்சாக்கெட் என்ற முறையில் இணைப்பைத் திறந்தே வைத்திருக்கும். கணவாய், இறால், நண்டு என்று ஏலம் சூடாக நடக்கும்போது விநாடிக்கு விநாடி விலை பாய்கிறது, அறுவதே இல்லை. அடுத்த படகு வரும்வரை எல்லோரும் டீ குடிக்கப் போகும் அந்த இடைவெளியில் திரை உறைந்துவிடும். வியாபாரி திரும்பி வந்து பார்க்கும்போது பழைய விலையே நிற்கிறது, பிழைச் செய்தியும் இல்லை. அவர் அதை நம்பிக் கேட்டால் கைநட்டம். 60 விநாடி மௌனம், லோடு பேலன்சர் மூடியது, அவ்வளவுதான் நடந்தது. ஒவ்வொரு 25 அல்லது 30 விநாடிக்கும் ஒரு சின்ன "இருக்கியா?" பாக்கெட் அனுப்பினால் தீரும், வெப்சாக்கெட்டில் பிங், பாங் என்று இதற்கென்றே இடம் இருக்கிறது. லினக்ஸின் 7200 விநாடிக் கீப்-அலைவை இதற்கு நம்பக் கூடாது. பதில் வராவிட்டால் விலையைச் சாம்பல் நிறமாக்கிக் காட்டுவதும் நிரலின் கடமை என்பேன்.

## சர்வர் பக்கம் ஒரு சுற்று

இவை அடிக்கடி வருபவை. விரிவாகச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை.

1. ஹெல்த் செக். லோடு பேலன்சர் சில விநாடிக்கு ஒருமுறை சர்வரை "உயிரோடு இருக்கியா" என்று கேட்கும். அந்தச் சோதனைப் பக்கம் டேட்டாபேஸையும் தொட்டால், டேட்டாபேஸ் ஒரு நிமிடம் மெதுவானதும் இரண்டு சர்வரும் ஒரே நேரத்தில் செத்ததாகக் கணக்காகிவிடும்.

2. புதிய பதிப்பு ஏற்றும் நேரம். சர்வரைச் சட்டென்று நிறுத்தினால் நடுவில் இருந்தவர்கள் எல்லோரும் அறுபடுவார்கள். முதலில் புதிய ஆட்களை அனுப்புவதை நிறுத்தி, இருப்பவர்கள் முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். அமேசானில் இதற்கு இயல்பாக 300 விநாடி தரப்பட்டிருக்கிறது. ஆனால் நம் ஸ்கிரிப்ட் 10 விநாடியில் நிரலைக் கொன்றால் அந்த 300 எதற்கு?

3. போர்ட் தீர்வது. லினக்ஸில் வெளியே போகும் இணைப்புக்கு இயல்பாக 32768 முதல் 60999 வரை, மொத்தம் 28,232 போர்ட்கள். முதலில் மூடிய பக்கத்தில் அந்தப் போர்ட் 60 விநாடி ஓய்வில் கிடக்கும். ஆக, லோடு பேலன்சர் ஒவ்வொரு கோரிக்கைக்கும் புது இணைப்பு திறந்து தானே மூடினால், ஒரு சர்வருக்கு விநாடிக்கு ஏறத்தாழ 470 தாண்டியதும் தடுமாறும். இணைப்பைத் திரும்பப் பயன்படுத்தினால் இந்தக் கணக்கே வேண்டாம்.

4. பெரிய கோப்பு மட்டும் அறுவது. அறை பதிவுக்கு ஆதார் நகலைப் போட்டோ எடுத்து ஏற்றச் சொல்கிறோம். இன்றைய போனில் ஒரு படம் 3, 4 எம்பி. என்ஜின்எக்ஸின் இயல்பு வரம்பு 1 எம்பி. அது 413 என்று சொல்லிவிட்டு மூடும். பல நேரம் போனில் தெரிவது "இணைப்பு முறிந்தது" மட்டும்.

நான்காவதற்கு ஒரு பங்காளியும் உண்டு. பாக்கெட்டின் அளவு. ஈத்தர்நெட்டில் 1500 பைட், சில பிராட்பேண்ட் இணைப்புகளில் 1492, விபிஎன் இருந்தால் இன்னும் குறைவு. பெரிய பாக்கெட் போக முடியாதபோது நடுவில் உள்ள ரவுட்டர் "சின்னதாக்கி அனுப்பு" என்று ஐசிஎம்பி செய்தி அனுப்பும். பாதுகாப்பு என்ற பெயரில் யாராவது ஐசிஎம்பியை முழுக்க அடைத்திருந்தால் அந்தச் செய்தி வந்து சேராது. சின்னப் பக்கங்கள் ஜம்மென்று திறக்கும், பெரியவை நடுவில் தொங்கும். அடையாளம் இதுதான்: அறுவது நேரத்தைப் பொறுத்ததா, அளவைப் பொறுத்ததா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

## தேடும் வரிசை

1. புகாரிலிருந்து மூன்று விவரம் வாங்குங்கள்: எத்தனை மணிக்கு, அமுக்கி எத்தனை விநாடி கழித்து, வைஃபையா மொபைல் டேட்டாவா. "அடிக்கடி" என்ற சொல்லால் பயனில்லை.

2. லோடு பேலன்சர், இரண்டு சர்வர், மூன்றின் கடிகாரமும் ஒன்றாக ஓடுகிறதா பாருங்கள். 40 விநாடி வித்தியாசம் இருந்தால் இரண்டு லாகையும் ஒப்பிடுவது வீண் வேலை.

3. லோடு பேலன்சர் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு அடையாள எண் போட்டு அனுப்பட்டும். சர்வர் அதை லாகில் எழுதட்டும். முன்னால் இருக்கும் எண் பின்னால் இல்லையென்றால் கோரிக்கை நடுவிலேயே செத்தது.

4. லோடு பேலன்சரைத் தாண்டி, கர்ல் கட்டளையால் ஒவ்வொரு சர்வரையும் நேரடியாகத் தட்டுங்கள். ஒரு சர்வரில் மட்டும் என்றால் அங்கேயே நில்லுங்கள்.

5. இதற்கும் பிடிபடாவிட்டால் டிசிபிடம்ப், அதாவது போகிற வருகிற பாக்கெட்டுகளைப் பதிவுசெய்யும் கருவி. லோடு பேலன்சரிலும் சர்வரிலும் ஒரே நேரத்தில் ஓடவிட்டு, ஃபின் அல்லது ரீசெட்டை முதலில் அனுப்பியது யார் என்று பாருங்கள்.

ஐந்தாவதில் ஒரு நுணுக்கம். லோடு பேலன்சரின் பதிவில் "சர்வர் ரீசெட் அனுப்பியது" என்றும், சர்வரின் பதிவில் "லோடு பேலன்சர் ரீசெட் அனுப்பியது" என்றும் இருக்கும் நிலை வரும். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. நடுவில் ஒரு ஃபயர்வால் இரண்டு பக்கத்துக்கும் மற்றவர் பெயரில் கடிதம் போட்டிருக்கிறது. நெட்வொர்க் வரைபடத்தில் அந்தப் பெட்டியை வரைய யாரோ மறந்திருப்பார்கள்.

## "டைம்அவுட்டை ஏத்தி விடுங்க"

எங்கே கேட்டாலும் முதலில் கிடைக்கும் ஆலோசனை இது: எல்லாவற்றையும் 600 ஆக்கு. அதன்படி செய்தால் புகார் ஒரு வாரம் குறையும். பிறகு மெதுவான கேள்விகள் ஒவ்வொன்றும் 10 நிமிடம் சர்வரின் இடத்தைப் பிடித்துக்கொள்ள, நன்றாக இருந்த பக்கங்களும் வரிசையில் நிற்க ஆரம்பிக்கும். முன்பு சிலருக்கு 504; இப்போது எல்லோருக்கும். ரீஸ்டார்ட்டும் இதே ரகம். அது சாட்சியத்தைத்தான் முதலில் அழிக்கிறது.

நீண்ட வேலை உண்மையிலேயே இருந்தால், அதைப் பின்னணியில் ஓடவிட்டு, வாடிக்கையாளருக்கு உடனே ஒரு டோக்கன் கொடுத்து, அவர் அவ்வப்போது வந்து நிலைமை கேட்கட்டும் என்று மாற்றுவதே சரி. மீன்வளத் துறை அலுவலகத்தில் டோக்கன் வாங்கிக்கொண்டு படகு போகிறதே, அதே ஏற்பாடுதான். கவுண்டரில் யாரும் நாள் முழுக்க நிற்பதில்லை.

## இரண்டாம் தடவை அமுக்கினால்

இணைப்பு அறுந்ததால் வரும் உண்மையான சேதம் வெள்ளைத் திரை அல்ல. "பணம் செலுத்து" அமுக்கிய பிறகு அறுந்தால் வாடிக்கையாளருக்கு ஒரு கேள்வி: போனதா, போகவில்லையா? இரண்டு இடத்தில் அறுந்திருக்கலாம். கோரிக்கை போகும் வழியில் என்றால் எதுவும் நடக்கவில்லை. பதில் திரும்பும் வழியில் என்றால் அறை பதிவாகிவிட்டது, ரசீதுதான் வரவில்லை. போனில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். அவர் மறுபடி அமுக்குவார். யார்தான் அமுக்க மாட்டார்கள்?

லோடு பேலன்சர்களும் தாமாக மறுபடி அனுப்பும். பக்கத்தைப் படிக்கும் கெட் கோரிக்கையை எத்தனை தடவை அனுப்பினாலும் மோசமில்லை. எதையாவது மாற்றும் போஸ்ட் கோரிக்கையை இரண்டு தடவை அனுப்பினால் இரண்டு அறை. என்ஜின்எக்ஸ் 1.9.13 பதிப்பிலிருந்து, சர்வருக்கு ஒருமுறை அனுப்பிவிட்ட போஸ்ட்டை நாம் கேட்டாலொழிய அடுத்த சர்வருக்கு அனுப்புவதில்லை. அந்தக் காப்பை யாராவது அமைப்பில் எடுத்துவிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

நிரலில் செய்ய வேண்டியது: முன்பதிவுப் படிவம் திறக்கும்போதே அதற்கென ஒரு தனி எண் உருவாக்கி, பணம் செலுத்தும் கோரிக்கையோடு அனுப்புவது. சர்வர் அந்த எண்ணை முன்பே பார்த்திருந்தால் புது அறை போடாமல் பழைய ரசீதையே திருப்பித் தரும். எண் இரண்டு சர்வருக்கும் பொதுவான டேட்டாபேஸில், ஒருமுறைக்கு மேல் பதிய முடியாதபடி இருக்க வேண்டும். ஒரு சர்வரின் நினைவகத்தில் வைத்தால் இரண்டாவது அமுக்கல் அடுத்த சர்வருக்குப் போய்ச் சேரும்.

## புதிய நெறிமுறை காப்பாற்றுமா?

2021-இல் தரமான குயிக் நெறிமுறையும், அதன் மேல் 2022-இல் வந்த எச்டிடிபி 3-உம் முகவரி மாறும் பிரச்சினையைக் குறிவைத்தவை. இவற்றில் இணைப்பை அந்த நான்கு எண்கள் அடையாளம் காட்டுவதில்லை. இணைப்புக்கென்றே தனி அடையாளம் உண்டு. லாட்ஜ் வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினாலும் பேச்சு தொடரலாம். நான்காம் அடுக்கு லோடு பேலன்சர் அந்த அடையாளத்தைப் படிக்கத் தெரிந்ததாக இருக்க வேண்டும். தெரியாவிட்டால் முகவரி மாறியதும் பாக்கெட்டை வேறு சர்வருக்கு அனுப்பிவிடும், அந்த சர்வருக்கு ஒன்றும் புரியாது.

ஏழாம் அடுக்கு லோடு பேலன்சர் என்றால் குயிக் அதோடு முடிந்துவிடும். அங்கிருந்து சர்வர் வரைக்கும் பெரும்பாலான இடங்களில் பழைய எச்டிடிபி 1.1 தான். தனுஷ்கோடியில் நிற்கும் போனுக்கு நல்ல காலம் பிறக்கலாம். சர்வர் அறைக்குள் இருக்கும் 5 விநாடிக்கும் 60 விநாடிக்குமான தகராறு அப்படியே இருக்கும்.